பத்தாயிரம் போதும்

ஒரு மனுசி கொடுத்த வாக்குக்குத் தேனியில் விலை ஆயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். கேபிள் இலவசம்.

அந்த விலைக்கு அது படிந்து வர ஆறு நாள் ஆனது. ஆறு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. கூடவே ஒரு மாமனாரையும் சமாளிக்க வேண்டியிருந்தது.

வாக்குக் கொடுத்தவள் உமாதேவி. போன வாரம் வருசநாட்டுக்கு மேலே புளியம்பாறையில் அவள் பட்ட பாட்டைப் படித்தவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உமாதேவி ஒரு வங்கியின் நடமாடும் கை. கிளை இல்லாத ஊர்களுக்குப் போனும் ரேகை மிஷினுமாகப் போய், முதியோர் உதவித்தொகை ஆயிரத்து இருநூறை அங்கேயே கொடுப்பவள். பெரியவர்கள் மிஷினில் விரல் வைத்தால் அவர்கள் கணக்கில் பணம் கழிந்து இவள் பக்கம் வரும். இவள் ரொக்கமாக எடுத்துக் கொடுப்பாள். ரொக்கம் மாமனார் சீனிச்சாமியின் இலவம்பஞ்சுக் கடையுடையது. கழிந்த பணம் வந்து விழுவதும் அதே கடையின் கணக்கில்தான்.

பன்னிரண்டாம் தேதி புளியம்பாறையில் நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பதினேழு பேருக்குக் கொடுத்தாயிற்று. பதினெட்டாவதாகத் தவசி என்ற பெரியவர் விரலை வைத்தார், போன் அணைந்தது. யானை சாய்த்த கம்பம் இன்னும் நிமிராததால் ஊரில் மின்சாரம் இல்லை. தவசியையும் சேர்த்து இருபத்து நாலு பேர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்களிடம்தான் உமாதேவி வாக்குக் கொடுத்தாள்: இருபதாம் தேதி வருவேன், ஒருத்தர் பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவேன்.

அலுவலகத்துக்குப் புகார் அவளுக்கு முன்பே போய்விட்டது. இருபதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்த இருபத்து நாலும் முடியாவிட்டால், அவளுடைய ஏஜென்ட் எண் கடமலைக்குண்டில் இதே வேலை பார்க்கும் பொன்னுராஜுக்குப் போய்விடும் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள்.

கல்யாணமான ஆறு வருசத்தில் உமாதேவி பெயரில் இருந்த ஒரே சொத்து அந்த எண்தான்.

இதற்கு மருந்து ஒரு பவர் பேங்க் என்பது அன்றைக்கு இரவே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் கணவன் சுரேஷ்கண்ணன் ஆன்லைனில் போட்டுவிடலாம் என்றான். கையால் தொட்டுப் பார்க்காத சரக்குக்கு இந்த வீட்டிலிருந்து பணம் போனதில்லை என்று சீனிச்சாமி சொல்லிவிட்டார். தாமே விசாரிப்பதாகவும் சொன்னார். விசாரித்தார். ஒரு நாளைக்கு ஒரு கடை. விலை கேட்பது, உதட்டைப் பிதுக்குவது, திரும்பி வருவது. சுரேஷ்கண்ணன் அப்பாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் ஆறு வருசமாக வாயை மூடியே குடித்தனம் நடத்துகிறவன். இந்த ஆறு நாளும் அப்படியே இருந்தான்.

ஆக, இருபதாம் தேதி காலை எட்டரைக்கு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசுதாசன் தன் செல்போன் கடையின் ஷட்டரைத் தூக்கும்போது மூன்று பேரும் வாசலில் நின்றார்கள்.

சீனிச்சாமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாற்பது வருசமாகப் பஞ்சு வியாபாரம். அதாவது, காற்றை எடை போட்டு வாங்கி, காற்றை எடை போட்டு விற்றவர். அப்படிப்பட்ட மனிதருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது கனமான பொருளாக வாங்க வேண்டும் என்று ஆசை இருக்காதா. ஏசுதாசன் எடுத்து வைத்த மூன்றில், அவர் கை நேராக அரைச் செங்கல் கனமுள்ள ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தது. முப்பதாயிரம் மில்லி ஆம்பியர். விலை ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

இன்னொன்று சோப்பு டப்பா அளவு. பத்தாயிரம். விலை ஆயிரத்து அறுநூற்று ஐம்பது.

மூன்றாவது ஐம்பதாயிரம் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. டார்ச் லைட் உண்டு, குட்டி மின்விசிறி உண்டு. விலை எழுநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. கையில் எடுத்தால் மூன்றிலும் லேசு அதுதான்.

"எரநூத்தம்பது கூடப் போட்டா மூணு மடங்கு சரக்கு," என்றார் சீனிச்சாமி, செங்கல்லை விடாமல். "இதுல யோசிக்க என்னத்தா இருக்கு?"

உமாதேவி மூன்று பெட்டியையும் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். முகத்தில் பத்தாயிரம் என்று போட்டிருந்ததற்கு முதுகில் ஆறாயிரத்துச் சொச்சம் என்று இருந்தது. முகத்தில் முப்பதாயிரத்துக்கு முதுகில் பதினெட்டாயிரம். ஐம்பதாயிரத்துக்கு முதுகில் ஒன்றுமில்லை.

மருமகள் படித்துச் சொன்னதும் சீனிச்சாமிக்குச் சுருக்கென்றது. முன்னால் பத்து, பின்னால் ஆறு, நடுவில் நாலு எங்கே போனது என்று ஏசுதாசனைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருக்கிற சார்ஜ் போனுக்குப் போய்ச் சேருவதற்குள் சூடாகவும் மாறுதலாகவும் கொஞ்சம் கழிந்துவிடும், எந்தக் கம்பெனியானாலும் அப்படித்தான் என்று ஏசுதாசன் பொறுமையாகச் சொன்னார்.

கழிவு என்ற சொல் காதில் விழுந்ததும் சீனிச்சாமி சமாதானமாகிவிட்டார். காயாக வாங்கி, தோடும் கொட்டையும் போக எவ்வளவு பஞ்சு தேறும் என்று கணக்குப் போட்டே தலை நரைத்தவர் அவர். கழிவு இருப்பது அவருக்குக் குற்றமில்லை. சொல்லாமல் விடுவதுதான் குற்றம். தங்க எழுத்துப் பெட்டியை ஒரு விரலால் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"கழிவு எழுதாதவன்கிட்ட நம்ம சரக்கு எடுக்குறதில்ல."

மாமனார் செய்த நல்ல காரியத்தை மறைக்கக் கூடாது. அதை இங்கே வரவு வைத்துவிடுகிறேன்.

மிச்சம் இரண்டு. உமாதேவி பையிலிருந்து போனை எடுத்தாள். எட்டு சதவீதம். சீனிச்சாமிக்குப் பகீரென்றது. மலைக்குக் கிளம்புகிற அன்றைக்கு, அதுவும் இந்தப் போனை நம்பி ஒரு ஊரே காத்திருக்கும்போது, இப்படியா வைத்திருப்பாள்.

"வெடிய டார்ச் போட்டு வச்சு நானே எறக்குனேன் மாமா," என்றாள் உமாதேவி. "பசியில்லாத புள்ளைக்குச் சோறு ஊட்டிப் பாத்தா என்ன தெரியும்?"

செங்கல்லைப் போனில் மாட்டினாள். கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிசம். எட்டு, பதிமூன்றானது. கழற்றிவிட்டு சோப்பு டப்பாவை மாட்டினாள். அதே பத்து நிமிசம். பதிமூன்று, முப்பத்தொன்றானது.

ஏசுதாசன் பதினைந்து வருசமாகக் கடை வைத்திருக்கிறார். எத்தனை ஆயிரம் என்று கேட்டு வாங்கியவர்கள் உண்டு, எந்த நிறம் இருக்கிறது என்று கேட்டு வாங்கியவர்கள் உண்டு. பட்டினி போட்ட போனோடு வந்து, கடிகாரம் பார்த்து வாங்கிய ஆளை அவர் அன்றுதான் பார்த்தார். இரண்டாவது பத்து நிமிசம் முடிவதற்குள் அவரே எழுந்து வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆனாலும் சீனிச்சாமி செங்கல்லை விடுகிற மாதிரி இல்லை. மெதுவாகக் கொடுத்தால் என்ன, நாள் முழுக்க மாட்டியே வைத்தால் போகிறது என்றார்.

அதற்குத்தான் உமாதேவி ரேகை மிஷினை எடுத்துக் காட்டினாள். போனுக்கு வயிற்றுப் பக்கம் ஒரே ஒரு வாய். மிஷினை மாட்டினால் சார்ஜுக்கு இடமில்லை. சார்ஜ் போட்டால் மிஷினுக்கு இடமில்லை. ஏசுதாசன் உற்சாகமாகி, இரட்டை வாய் வைத்த ஒரு சின்ன இணைப்பைத் தேடி எடுத்து மாட்டிப் பார்த்தார். சார்ஜ் ஏறியது, மிஷினின் சிவப்பு விளக்கு அணைந்துபோனது. இன்னொன்றை மாட்டினார். விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறவில்லை. மூன்றாவதைத் தேடப் போனவரை உமாதேவி நிறுத்திவிட்டாள்.

"ஒருத்தர் வெரல எடுத்து, நான் பணத்த எண்ணி, கையெழுத்து வாங்கி, அடுத்தவுக வந்து ஒக்கார்றதுக்கு ரெண்டு நிமிசம் ஆகும் மாமா. எனக்குக் கெடைக்கிறது அந்த ரெண்டு நிமிசந்தான். அதுக்குள்ள எது நெறைய ஊத்துதோ அதுதான் எனக்கு வேணும். ஒரு ஆளுக்கு அஞ்சு சதவீதம் குடிக்குது. ரெண்டு நிமிசத்துல இது நாலு குடுக்கும். ஒங்க செங்கல்லு ஒன்னுதான் குடுக்கும்."

சீனிச்சாமி செங்கல்லைப் பார்த்தார்.

"மூட்டை எம்புட்டுப் பெருசுன்னா பஞ்சு வாங்குவீக? அமுக்கிட்டுக் கைய எடுத்தா எம்புட்டு வெரசா எந்திரிக்குதுன்னுதான பாப்பீக?"

சுரேஷ்கண்ணன் வெளியே நின்ற தன் பைக்கை அக்கறையாகப் பார்த்தான். ஒரு வியாபாரியை அவருடைய சரக்கை வைத்தே மடக்குவது என்பது தேனி பஜாரில் தினமும் நடக்கிற காரியமில்லை. மடக்கப்பட்டவருக்கு அதில் வலி இருக்கும். கூடவே, நல்ல சரக்கைத் தொட்ட சுகமும் இருக்கும். சீனிச்சாமி செங்கல்லைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அடுத்தது விலை. இந்த இடத்தில்தான் உமாதேவி செய்த காரியத்தை நான் மிகவும் ரசிக்கிறேன். மணி ஒன்பதேகால். போனில் முப்பத்தொன்று. புது பவர் பேங்கில் நாலு விளக்குக்கு மூன்றுதான் எரிகிறது. இரண்டும் நிறைய வேண்டும். அவள் இரண்டையும் ஏசுதாசன் கடைச் சுவரில் மாட்டிவிட்டு, மாமனார் பக்கம் திரும்பினாள். அவசரமில்லாமல் நிதானமாகப் பேசி முடிக்கும்படி கேட்டுக்கொண்டாள்.

ஆறு வருசத்தில் மருமகள் அவரைப் பேரம் பேசச் சொன்னது அதுவே முதல் தடவை. சீனிச்சாமிக்குப் பத்து வயசு குறைந்தது. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆயிரத்தில் ஆரம்பித்தார். ஏசுதாசனின் அப்பா காலத்துப் பழக்கத்தைப் பேசினார், மழை பெய்யாததைப் பேசினார், பஞ்சு விலை விழுந்ததைப் பேசினார், எழுந்தார், வாசல் வரை போனார், திரும்பி வந்து டீ சொன்னார். ஏசுதாசனும் சளைத்தவரில்லை. ஒவ்வொரு ஐம்பது ரூபாயையும் பல் பிடுங்குவது போலத்தான் விட்டார்.

ஆயிரத்து நானூற்று ஐம்பது, கேபிளோடு என்று படிந்தபோது மணி பத்து ஐம்பது. போன் நூறைத் தொட்டிருந்தது. நாலாவது விளக்கும் எரிந்தது. தன் கடை மின்சாரத்தில்தான் இந்தப் பேரமே நடந்தது என்பது ஏசுதாசனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் சிரித்துக்கொண்டே தலையில் கை வைத்துக்கொண்டார்.

சீனிச்சாமி இடுப்புப் பையிலிருந்து இருபத்தெட்டாயிரத்து எண்ணூறை எடுத்து, மூன்று தரம் எண்ணி, மருமகளிடம் கொடுத்தார். இருபத்து நாலு பேர், ஆளுக்கு ஆயிரத்து இருநூறு.

கண்டமனூர், கடமலைக்குண்டு, வருசநாடு என்று சுரேஷ்கண்ணனும் உமாதேவியும் ஏறிய பைக் போனது. அதற்கு மேல் பாதை என்பது பைக்கின் இஷ்டம். புளியம்பாறையில் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் மட்டும்தான் சிக்னல் இரண்டு கோடு காட்டும். ஒன்றே முக்காலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஊரே உட்கார்ந்திருந்தது.

வரவேற்பு ஒன்றும் பிரமாதமாக இல்லை. மொக்கம்மாள் என்ற பெண்மணி, முதல் ஆளாகக் கல்லில் உட்கார்ந்தபடி, இன்றைக்காவது போனுக்குச் சோறு போட்டுக் கூட்டி வந்தாயா என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. உமாதேவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தொட்டித் தூணில் ஒரு பையைத் தொங்கவிட்டு, அதற்குள் பவர் பேங்கை வைத்து, கேபிளின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி விட்டாள்.

மிஷினை மாட்டுவது, விரல் வாங்குவது, கழற்றுவது, கேபிளை மாட்டுவது, பணம் எண்ணுவது, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது, கேபிளைக் கழற்றுவது, மிஷினை மாட்டுவது. காட்டில் வேலை செய்து ரேகை தேய்ந்த விரல்களை நெற்றியில் ஒரு தரம் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னாள். பாதிப் பேருக்கு அதில் பிடித்தது. ஐந்து குறைந்தது, நாலு ஏறியது. ஐந்து குறைந்தது, நாலு ஏறியது. பத்தாவது ஆள் எழுந்தபோது போனில் தொண்ணூறு. சுரேஷ்கண்ணன் பேர் கூப்பிடும் வேலையை எடுத்துக்கொண்டான். ஆறு வருசமாகச் சேமித்து வைத்த குரல் அவனுக்கு அன்று உதவியது.

"ஏத்தா," என்றாள் மொக்கம்மாள், பணத்தை முந்தியில் முடிந்துகொண்டு, போகாமல் பக்கத்திலேயே நின்று. "ஒரு மடியில ரெண்டு கன்னுக்குட்டிய மாத்தி மாத்தி விடுற மாதிரில்ல விடுற."

மூன்று மணிக்குச் சிக்னல் படுத்துக்கொண்டது. கோடு இரண்டு ஒன்றானது, அந்த ஒன்றும் மறைந்து மறைந்து வந்தது. சிக்னலைத் தேடித் தேடிப் போன் சார்ஜைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு ஆளுக்கு ஐந்து என்று போனது எட்டாகவும் பத்தாகவும் ஆனது. ஒரே விரலுக்கு மூன்று முறை சுற்றியது. பத்தொன்பதாவது ஆளில் நாற்பத்தைந்து. இருபத்து இரண்டாவது ஆளில் முப்பது. பையைத் திறந்து பார்த்தாள். நாலு விளக்கில் ஒன்று.

இருபத்து மூன்றாவது ஆளும் முடிந்து எழுந்தபோது மணி நாலு பத்து. பாக்கி ஒருவர். தவசி.

அவர் காலையிலிருந்தே தொட்டிக்கு எதிரே, ஒரு பாறை மேல் தள்ளி உட்கார்ந்திருந்தார். போன தடவை விட்ட இடம் அவருடையதுதான். முதலில் வந்திருக்க வேண்டியவர். சுரேஷ்கண்ணன் இரண்டு தரம் கூப்பிட்டும் வரவில்லை. காரணத்தை மொக்கம்மாள்தான் சொன்னாள். அன்றைக்கு அவர் விரலை வைத்ததும்தான் போன் செத்தது. அவர் விரல் ராசியில்லாத விரல் என்று ஊருக்குள் எட்டு நாளாகப் பேச்சு. டீக்கடையில் கூட அவர் பக்கத்தில் செல்போனை வைக்க மாட்டேன் என்று ஒருத்தன் விளையாட்டுக்குச் சொல்ல, மனுசன் அதிலிருந்து டீக்கடைப் பக்கமே போகவில்லை.

"எல்லாரும் வாங்கிட்டாகளா?" என்று கேட்டுக்கொண்டு தவசி எழுந்து வந்தார். "அப்ப சரி. இனி செத்தாலும் யாருக்கும் நட்டமில்ல."

நெற்றியில் விரலைத் தேய்த்தார். வைத்தார். யாரும் விரலைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தார்கள். போன் சாகவில்லை. சுற்றியது. சுற்றி முடித்து, கணக்கில் போதிய பணம் இல்லை என்று சொன்னது.

பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். தவசி விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க உமாதேவிக்குப் பிடிக்கவில்லை.

இங்கே அவளுக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. இந்த மாதம் பணம் ஏறவில்லை, அடுத்த மாதம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கலாம். அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. போனில் இருபத்து இரண்டு சதவீதம்தான் இருக்கிறது என்பது நல்ல சாக்கும்கூட. உமாதேவி மிஷினைக் கழற்றினாள், கேபிளை மாட்டினாள், தவசியைக் கல்லில் உட்காரச் சொன்னாள். இரண்டு நிமிசத்துக்குப் பதிலாக ஐந்து நிமிசம் பொறுத்தாள். பவர் பேங்கின் கடைசி விளக்கு இமைக்கத் தொடங்கியது. முப்பது காட்டியதும் மறுபடி மிஷினை மாட்டி, அவர் விரலை வாங்கி, கடைசியாக நடந்த வரவு செலவைக் கேட்டாள்.

மெதுவாக வந்தது. நாலே வரி.

பன்னிரண்டாம் தேதி. பகல் பதினொன்று ஐம்பத்து இரண்டு. எடுத்தது ஆயிரத்து இருநூறு. எடுத்த ஏஜென்ட் எண்ணைப் படித்தவள், மறுபடி ஒரு தரம் படித்தாள்.

அது அவளுடைய எண்.

தவசி விரல் வைத்து, பணம் கழிந்து, கடைக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் போன் அணைந்திருக்கிறது. முடிந்தது என்ற செய்தி மட்டும் வந்து சேரவில்லை. முடியவில்லை என்று நினைத்து இவள் அவரை வெறுங்கையோடு அனுப்பினாள். எட்டு நாளாக அவருடைய ஆயிரத்து இருநூறு இவள் வீட்டுக் கணக்கில் இருக்கிறது. எட்டு நாளாக அவர் டீக்கடைக்குப் போகவில்லை.

சுரேஷ்கண்ணன் எட்டிப் படித்தான். புரிந்தது. கீழே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்பது போல அவள் தோளைத் தொட்டான். நாற்பது பேர் நிற்கிறார்கள். ஏற்கெனவே ஒரு புகாரே எண்ணைத் தூக்க வந்துவிட்டது. கிழவர் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டாள் என்று ஒரு பேச்சு மலையிலிருந்து இறங்கினால் போதும்.

உமாதேவி எழுந்து நின்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"பெரியப்பா, ஒங்க வெரலு அன்னிக்கே வேலை செஞ்சிருச்சு. ஒங்க பணம் அன்னிக்கே எங்கிட்ட வந்துருச்சு. செத்தது என் போனு. சரியாப் பாக்காம ஒங்கள அனுப்புனது நானு. தப்பு என்னோடது."

பணத்தை எண்ணி அவர் கையில் வைத்தாள். ஆயிரத்து இருநூறு. தவசி பணத்தைப் பார்க்கவில்லை. தன் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இது நல்ல வெரலுதானா ஆத்தா?"

"நல்ல வெரலு."

அவர் அந்த விரலைத் தூக்கி, சிரித்த பக்கமாக ஒரு சுற்றுக் காட்டினார். கூட்டத்தில் ஒருத்தன் தலையைச் சொறிந்தான். டீக்கடையில் அப்படிச் சொன்னவனாக இருக்க வேண்டும். மொக்கம்மாள் உமாதேவியின் பக்கத்தில் வந்து நின்று, ஊரைப் பார்த்து, போன தடவை புகார் எழுதச் சொன்னவர்கள் இதையும் சேர்த்து எழுதிப் போடுங்கள் என்றாள்.

மணி நாலு முப்பத்து ஆறு. அலுவலகக் கணக்கில் இன்றைக்கு இருபத்து மூன்றுதான் காட்டும். உமாதேவி அந்த நாலு வரியையும் படம் எடுத்து அனுப்பி, பின்னாலேயே கூப்பிட்டாள். மேலதிகாரி முதலில் நம்பவில்லை. பிறகு தன் பக்கத்தில் பார்த்தார். பன்னிரண்டாம் தேதி பதினெட்டு என்றுதான் இருக்கிறது, நீங்கள்தான் பதினேழு என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார். அவள் ஆமாம் என்றாள். நாலு ஐம்பத்து ஒன்றுக்குச் செய்தி வந்தது: புளியம்பாறை முடிந்தது, எண் தொடரும். அதைப் படித்து முடிக்கும்போது போனில் பதினொன்று. பவர் பேங்க் அணைந்திருந்தது. முப்பதாயிரத்தை வாங்கியிருந்தால் அதில் இந்நேரம் பாதிக்கு மேல் மிச்சம் இருந்திருக்கும். போன் மட்டும் மூன்றரைக்கே செத்திருக்கும்.

இறங்கும் வழியில் சுரேஷ்கண்ணன் ஒரே ஒரு தடவை பேசினான். அன்றைக்கு ஆயிரத்து இருநூறு கூட வந்தது கடைக் கணக்கில் தெரிந்திருக்குமே என்றான். தெரிந்திருக்கும் என்றாள் உமாதேவி.

ஏழு மணிக்குப் பஞ்சுக் கடையில் விளக்கு எரிந்தது. சீனிச்சாமி இல்லை, டீ குடிக்கப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். மேசையில் சிட்டை நோட்டு இருந்தது. அன்றன்றைக்குக் கொடுத்ததை உமாதேவியே அதில் எழுத வேண்டும் என்பது வீட்டு ஏற்பாடு. கடைக் கணக்கில் வந்ததோடு அதை ஒத்துப் பார்த்துச் சரி போடுவது மாமனார். அவள் உட்கார்ந்து, அன்றைக்கு எழுதி வைத்த பிறகு திறந்தே பார்க்காத பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினாள்.

அவள் எழுதிய வரி இருந்தது: கொடுத்தது 17 பேர், 20,400. அதன் கீழே சீனிச்சாமியின் கோணல் எழுத்து, பென்சிலில்.

வரவு 21,600. கூட 1,200. யாருது?

தேதி பன்னிரண்டுதான் போட்டிருந்தது. அன்றைக்கே எழுதியிருக்கிறார். ஆறு நாள் ஆறு கடை ஏறி இறங்கியபோதும், இன்று காலை ஐம்பது ஐம்பதாகப் பேரம் பேசியபோதும், மூன்று தரம் பணம் எண்ணிக் கொடுத்தபோதும், இந்த வரி இந்த நோட்டில் இருந்திருக்கிறது. அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டாரா. யாரும் கேட்காவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாரா. பென்சில் எழுத்திலிருந்து அதைத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சீனிச்சாமி துண்டால் வாயைத் துடைத்தபடி உள்ளே வந்தார். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதை வாசலிலேயே பார்த்துவிட்டார். நின்றார். அவள் நிமிரவில்லை. பேனாவை எடுத்து, இருபதாம் தேதிக்குத் திருப்பி, அவர் பார்க்கப் பார்க்க எழுதினாள்.

கொடுத்தது 24 பேர், 28,800.
இன்று வரவு 27,600.
12-ம் தேதி கூட வந்தது 1,200. தவசி, புளியம்பாறை. கொடுத்தாயிற்று.
ஆக வரவு 28,800. பணம் நேர்.
பாக்கி: மாமா சொல்ல வேண்டிய பதில், ஒன்று.